மெமரி அழியாமல் பேட்டரி மாற்றினேன்

இன்று எங்கள் இறப்பர் தோட்டத்தை அளக்க இரத்தினபுரியிலிருந்து சர்வேயர் வந்திருந்தார். காலையிலிருந்து எடுத்த அளவுகளெல்லாம் அவருடைய கல்குலேட்டர் மெமரியில். மதியம் பேட்டரி தீரப்போனது.

"கழட்டினா எல்லாம் அழிஞ்சிடும். திரும்ப மலையேறணும்," என்று தலையில் கைவைத்தார்.

தோட்ட ஆபீஸ் டைப்பிஸ்டான நான் கல்குலேட்டர் உறையிலிருந்த கையேட்டை எடுத்துப் படித்தேன்.

"ஆஃப் பண்ணிட்டு ஒரு நிமிசத்துக்குள்ள மாத்தினா அழியாதுங்க ஐயா. நான் மாத்தவா?"

"தொடாத புள்ள!" என்றார் எங்கள் ஆபீஸ் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர்.

சர்வேயர் சரியென்று தலையசைத்தார். இருபது எண்ணுவதற்குள் மாற்றி, ஆன் செய்தேன். ஓர் எண்கூடப் போகவில்லை!

"எங்க படிச்சீங்க மிஸ்?" என்று கேட்டார் சர்வேயர்.

"இங்கதாங்க, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல. எங்கம்மா இந்த மரங்கள்லதான் பால் வெட்டுறாங்க."

சாயங்காலம் பெரிய கிளாக்கர் தன் பழுதான ரேடியோவை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ரேடியோ திருத்தத் தெரிந்தவர்கள் யாராவது எப்படியென்று உடனே சொல்லுங்களேன், இல்லாவிட்டால் என் மானம் போய்விடும்!