செல்வராசு சார் திங்கட்கிழமை வரச் சொன்ன பிள்ளை

செல்வராசு சார் போய்விட்டார். எங்கள் ஸ்கூல் ஃபிசிக்ஸ் சார். நேற்று சாயங்காலம் தா.பழூர் வீட்டில் நெஞ்சு வலி என்றிருக்கிறார்... ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பஸ்ஸில் உட்கார்ந்து டைப் பண்ணுகிறேன். பெரம்பலூரில் ஏறினேன், இன்னும் அரியலூர் வந்தபாடில்லை. முன்னால் சிமெண்ட் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. நாலு மணிக்கு எடுக்கிறார்களாம்.

ஸ்டாஃப் எல்லோரும் காலையிலேயே வேன் பிடித்துப் போய்விட்டார்கள். ப்ளஸ் ஒன்னில் குரூப் மாற்ற இன்றுதான் கடைசி நாள், அந்த வேலை என் தலையில். அதனால் நானும் ஹெச்.எம்.மும் மட்டும் மாட்டிக்கொண்டோம்.

நான் காமர்ஸ் டீச்சர். ப்ளஸ் ஒன் அட்மிஷனை வருஷா வருஷம் சாரும் நானும்தான் சேர்ந்து பார்ப்போம்.

சாருக்கு ஒரு பழக்கம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற அப்பாவிடம் முதல் வார்த்தையே, "நீங்க போயி எதிர்க்க ஒரு டீ சாப்ட்டு வாங்க" என்பதுதான். அவர் கேட்டைத் தாண்டியதும் பிள்ளை பக்கம் திரும்புவார். "இப்ப சொல்லு. ஒனக்கு என்ன படிக்கணும்?"

ஜூன் மாதம் வந்தால் எதிர் டீக்கடை முழுக்க அப்பாக்கள்தான். ஒன்றும் புரியாமல் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்கூல் கேட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் நிறையப் பிள்ளைகள் ஃபர்ஸ்ட் குரூப் வேண்டாம் என்று சொல்லி என் காமர்ஸுக்கு வந்துவிடும். "சொந்தக் கடைக்கு வர்ற கஸ்டமர பக்கத்துக் கடைக்கு அனுப்புற ஒரே ஆளு நீங்கதான் சார்" என்று கிண்டல் பண்ணுவேன். "வேணாம்ங்கிற புள்ளைகிட்ட என்னத்த டீச்சர் விக்கிறது" என்பார்.

சாமியார் எல்லாம் இல்லை. கோபம் மூக்குக்கு மேலேயே இருக்கும். ஸ்டாஃப் ரூம் ஃபேனை அவர்தான் போட வேண்டும், அவர்தான் நிறுத்த வேண்டும். பி.பி. மாத்திரையை ஞாபகப்படுத்தினால் "நீங்க என்ன டாக்டரா?" என்று எரிந்து விழுவார். இப்போது எனக்குத்தான் கோபம் வருகிறது... யார் மேல் காட்ட?

ஒரு வருஷம் ப்ளஸ் டூ ப்ராக்டிகல் அன்று ஒரு பிள்ளை வரவில்லை. வாலிகண்டபுரத்தில் அவள் அக்காவுக்குக் கல்யாணம். ப்ராக்டிகலுக்கு வராவிட்டால் தியரியில் எவ்வளவு எடுத்தாலும் பாஸ் கிடையாது.

சார் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே கல்யாண வீட்டுக்கே போய்விட்டார். "பொண்ணு இவ இல்லையே? இவ இல்லாம தாலி கட்டலாம்ல?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாராம்.

அந்தப் பிள்ளை பட்டும் தலை நிறையப் பூவுமாக லேபுக்கு வந்து ஸ்பெக்ட்ரோமீட்டர் முன்னால் குனிந்து நின்றது. பூச்சரம் முன்னால் வந்து மறைக்கிறது என்று நான்தான் ஒதுக்கிவிட்டேன்.

இன்று காலை நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் தாங்காது.

ரம்யா. எறையூர். அப்பாவுக்கு சுகர் மில்லில் கரும்பு லோடு இறக்குகிற வேலை. காமர்ஸ் படித்தால் பேங்க் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, சார் லீவில் இருந்த நாளில் வந்து மகளை என் கிளாஸில் சேர்த்துவிட்டுப் போய்விட்டார். அவளுக்கோ ஃபர்ஸ்ட் குரூப்தான் வேண்டும். போன வாரம் சாரிடம் போய் அழுதிருக்கிறாள். "திங்கக்கெழம அப்பாவக் கூட்டிக்கிட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினார்.

இன்று திங்கள். ஸ்டாஃப் ரூம் வாசலில் அப்பாவும் மகளும்.

"சார் இல்லீங்களா டீச்சர்?"

சொன்னேன். என்ன வார்த்தையில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ரம்யா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாதான் முதலில் பேசினார். "அப்ப இனிமே யாரு டீச்சர் பாடம் எடுப்பா? காமர்ஸ்லயே இருந்துரு பாப்பா."

நியாயமான கேள்விதான். ஆனால் வாய் தானாகச் சொல்லிவிட்டது... "நீங்க போயி எதிர்க்க ஒரு டீ சாப்ட்டு வாங்கண்ணே."

அவர் போனார். "இப்ப சொல்லு ரம்யா" என்றேன்.

அழுது முடிக்கிற வரை விட்டேன். பிறகு சொன்னாள். "ஃபர்ஸ்ட் குரூப்தான் டீச்சர்."

ஹெச்.எம். ஒத்துக்கொள்ளவில்லை. "ஃபிசிக்ஸுக்கு ஆளே இல்ல டீச்சர். தெரிஞ்சே ஒரு புள்ளயக் கொண்டுபோயி தள்ளச் சொல்றீங்களா?"

"செல்வராசு சார் இன்னிக்கி வரச் சொன்ன புள்ள சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, அவரே மாற்றினார்.

அப்பா திரும்பி வந்ததும் ரம்யாவே சொன்னாள். "மாத்தியாச்சுப்பா." அவர் அவளைத் திட்டவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். "புது சார் வந்துருவாருல்ல டீச்சர்?"

"வந்துருவாருங்க."

எப்போது வருவார் என்று எனக்கு எப்படித் தெரியும் சார்? அதுவரை யார் எடுப்பது, மேத்ஸ் டீச்சரைக் கேட்பதா, பக்கத்து ஸ்கூலில் கேட்பதா... பஸ் ஏறியதிலிருந்து மண்டையில் இதுதான் ஓடுகிறது. இதையும் உங்களிடம்தான் கேட்க வேண்டும் போல் இருக்கிறது.

லாரி நகர ஆரம்பித்துவிட்டது. அரியலூரில் இறங்கி ஜெயங்கொண்டம் பஸ் பிடிக்க வேண்டும், அங்கிருந்து தா.பழூர்.

ரம்யாவை மாற்றியாச்சு சார். அதைச் சொல்லத்தான் வந்துகொண்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் இருங்கள்.