பரிபூரணம் திரட்டிய வகுப்பு

1987இல் ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பிளஸ் ஒன் அறிவியல் பிரிவை மூடிவிடப் பார்த்தார்கள். வணிகவியலும் டைப்பிங்கும் படித்தால் மில் அலுவலகத்தில் வேலை கிடைக்கும் என்று பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அறிவியலுக்கு வந்தது மூன்றே பேர். அதில் ஒருத்தி, மில் தொழிலாளி ஞானதுரையின் மகள் பரிபூரணம்.

"இத்தனை பேரை வச்சு வகுப்பு நடத்த முடியாதும்மா. நீயும் வணிகவியலுக்குப் போயிரு," என்றார் தலைமையாசிரியை.

"செத்தப் பொறுங்க டீச்சர். நான் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வாரேன்."

முதலில் மம்சாபுரத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கேதான் கருத்தம்மா இருந்தாள். பத்தாம் வகுப்புக் கணக்கில் பரிபூரணத்தையே முந்தியவள். அவளுடைய அப்பா ஆண்டிச்சாமி வயலிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார்.

"சயின்ஸு வேண்டாம் தாயி."

"கஷ்டம்னு நினைக்கீகளா ஐயா?"

"படிப்புக்கென்ன, அவ படிச்சிருவா. லேப்புன்னு சாயங்காலம் நிறுத்தி வச்சிருதாக. இருட்டுன பொறவு வயசுப்பிள்ள பஸ்ஸுக்கு நிக்கலாமா?"

சோழபுரத்திலும் அதே பேச்சு. பரிபூரணம் நேரே தலைமையாசிரியையிடம் திரும்பி வந்தாள்.

"பிள்ளைக படிப்புக்குப் பயப்படல டீச்சர், பஸ்ஸுக்குத்தான் பயப்படுதாக. லேப்பைச் சனிக்கிழமை காலையில வச்சா வந்திருவாக."

விடுமுறை போகிறதே என்று ஆசிரியைகள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் தலைமையாசிரியை நேரத்தை மாற்றினார். பரிபூரணம் மறுபடி ஊர் ஊராகப் போய்ச் சொன்னாள். அந்த ஆண்டு அறிவியல் வகுப்பில் பெஞ்சு போதவில்லை.

கருத்தம்மா வேதியியல் படித்து, ஆலங்குளம் சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் சேர்ந்தாள். பரிபூரணம் பாலிடெக்னிக் முடித்து மின்வாரியத்துக்குப் போனாள். தொண்ணூறுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பொறியாளர்.

ஓர் ஆடிப்பூரத் தேரோட்டம். தேருக்காக வீதியின் குறுக்கே போகும் மின்கம்பிகளை அவிழ்த்து, தேர் கடந்ததும் கட்டி மின்சாரம் கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பு அவளுடையது. கம்பத்தில் இருந்த ஆட்களை அண்ணாந்து பார்த்து, "சப்ளை இல்லன்னு நான் சொன்ன பொறவு கை வைங்க!" என்று சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தில் ஞானதுரையும் நின்றார். பக்கத்தில் இருந்தவர், "பொம்பளப்பிள்ள என்னமா வேலை வாங்குது!" என்றார்.

"எம் மக," என்றார் ஞானதுரை. கொட்டுச் சத்தத்தில் பக்கத்து ஆளுக்குக் கேட்கவில்லை.

"எம் மகய்யா! இஞ்சினியரு!"

முன்வரிசையில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஞானதுரை அவர்களுக்கும் சொன்னார்.