ஒரு தேதி மட்டும் போட்ட படம்

தனியாக டிசைன் வேலை செய்யத் தொடங்கியபோது, வாடிக்கையாளர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. வேலை சொல்பவர்தான் வாடிக்கையாளர். அவர் சிவப்பு என்றால் சிவப்பு. வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாண பேனர், உப்புப் பாக்கெட், ஐஸ் கம்பெனி போர்டு என்று செய்துகொண்டிருந்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடிக்கடி வரும்.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலையில், ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் வந்தார்.

"தம்பிக்கு ஒரு போஸ்டர் அடிக்கணும்மா."

தம்பி மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணியில் வேலை பார்த்தவர். தோணி கடலில் மூழ்கிவிட்டது. கூடப் போனவர்களை வழியில் வந்த கப்பல் ஏற்றிக்கொண்டது. அவர் மட்டும் கிடைக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அவருக்காகப் பூசை வைத்திருக்கிறார்கள், அதற்குள் ஒட்ட வேண்டும் என்றார்.

போனிலிருந்து ஒரு படம் அனுப்பினார். கட்டம் போட்ட சட்டையில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி நிற்கும் மனிதர். பிறந்த தேதி அவருக்கு நினைவில் இல்லை. தம்பி மனைவியின் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கறுப்புக் கட்டம், சிலுவை, ஒரு மெழுகுவர்த்தி. முடித்து அந்த எண்ணுக்கு அனுப்பி, பிறந்த தேதி கேட்டேன். பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தம்பி மனைவியே வந்துவிட்டாள். நைட்டிமேல் துண்டு போட்டிருந்தாள். உள்ளே வரவில்லை.

"இத அடிக்கச் சொன்னது யாருக்கா?"

சொன்னேன்.

"அவிய செத்தத அத்தான் பாத்தாவளா? கூடப் போனவங்களே பாக்கலங்காங்க. நீங்க எப்படி மெழுகுவத்தி வச்சிய?"

சொன்னதைத்தான் செய்தேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த போஸ்டரை அழித்தேன். அதே படத்தை வைத்துக் 'காணவில்லை' என்று ஒன்று செய்து தரச் சொன்னாள். தமிழிலும் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் செய்து, கீழே அவள் போன் எண்ணைப் போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். அந்த போஸ்டரை என்னால் செய்ய முடியாது என்றேன். அவர் சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் மட்டும் அவன் சாவணும்னா நிக்கேன்? அம்மை படுத்த படுக்கையா கெடக்கா. தெனமும் மவன் வந்துட்டானான்னு கேக்கா. பூசை வச்சாலாவது கேக்கத நிறுத்துவான்னு பாத்தேன்."

போஸ்டர் இல்லாமலே பூசை நடந்தது. அவள் போகவில்லை.

'காணவில்லை' படம் கேரளம் வரை மீனவர்களின் போன்களில் சுற்றியது. அழைப்புகள் வந்தன. அங்கே ஒரு கரையில் உடல் ஒதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். அவளும் அண்ணனும் ரயிலேறிப் போய்ப் பார்த்தார்கள். வேறு யாரோ. "உன் புருசனைப் பார்த்தேன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு போனை வைத்தவர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த எண்ணை எடுத்துவிடச் சொல்லி என்னிடம் வந்தாள். என் கணினியில் எடுத்தேன். ஊரூராகப் போய்விட்டதை எப்படி எடுப்பது?

அடுத்த வருடம் அவளும் அண்ணனும் சேர்ந்து வந்தார்கள். படுக்கையில் கிடந்த அம்மா இறந்திருந்தாள்.

"மாமிக்கு அடிக்க போஸ்டர்ல அவியளையும் பக்கத்துல சேத்துருங்கக்கா" என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை.

அம்மாவுக்கு இரண்டு தேதிகள் போட்டேன். மகன் படத்தின் கீழே என்ன போடுவது என்று கேட்டேன். அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார்.

"பொறந்த தேதி மட்டும் போடுங்க. மத்தது எனக்குத் தெரியாது."

அப்படியே அடித்துக் கொடுத்தேன். தேதி ஏன் விட்டுப்போயிற்று என்று அச்சகத்தில் கேட்டார்கள். விட்டுப்போகவில்லை என்றேன்.

இப்போது யார் அஞ்சலி போஸ்டர் வேலையோடு வந்தாலும், வீட்டில் எல்லாருக்கும் இதில் சம்மதமா என்று முதலில் கேட்கிறேன். கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்கள் உண்டு. சிலர் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களாகப் பேசும்வரை நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்புவதில்லை.