வீடு பார்த்த பதினைந்து நாள்

காலை ஐந்து மணி இருபது நிமிடம். மாடி ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்டது ஒரு ஜீப். தெருமுனை விளக்குக் கம்பத்தின் கீழ் இன்ஜினை அணைக்காமல் நின்றிருந்தது. பின்பக்கமாகப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். எண்ணினேன், பதினான்கு பேர். அடுத்த தெருவில் இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று டிரைவர் சொல்ல, உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏலே, அவுகள எங்கிட்டு வைக்கப் போற? ஒம் மடியிலயா?" ஜீப் முழுக்கச் சிரிப்பு. டிரைவரும் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டார்.

"5.20, தெருவில் சத்தம், பத்து நிமிடம்" என்று நோட்டில் எழுதினேன்.

தேனி மாவட்டத்தில், கம்பம் ஊரில் அது எங்களுக்கு முதல் காலை. ஆனி மாதம். சென்னையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்துவிட்டு, அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் விருப்ப ஓய்வு பெற்றிருந்தேன். என் மனைவி பள்ளி ஆசிரியை. அவளும் வேலையை விட்டிருந்தாள், மூச்சிரைப்பு காரணமாக. எங்கள் குடியிருப்புக்கு முன்னால் சாலையை நான்கு வருடமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தூசி ஆகாது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் வேறு ஊர் என்ற பேச்சு வீட்டுக்குள் வந்தது. என் அப்பாவின் ஊர் இதே மாவட்டத்தில், கடமலைக்குண்டுக்குப் பக்கம். அங்கே எங்களுக்கு இப்போது நிலமோ வீடோ இல்லை. ஆனாலும் இந்தப் பகுதியின் பெயரைத்தான் என் வாய் முதலில் சொன்னது.

தொலைபேசியில் வரும் செய்தியை, ஆள் நேரில் போய்ப் பார்க்காமல் நான் அச்சுக்கு அனுப்பியதில்லை. ஊரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பழைய நண்பர் ஒருவரின் மாடி வீடு பதினைந்து நாளைக்குக் கிடைத்தது. நோட்டில் முப்பத்தோரு கேள்விகளை எழுதிக்கொண்டு வந்தேன். குழாயில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை. மின்சாரம் எந்த நேரத்தில் போகும். மூச்சு நிபுணரைப் பார்க்கத் தேனிக்குப் போக எவ்வளவு நேரம். நடக்க நிழலான சாலை உண்டா. திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்தால் காற்று எந்தப் பக்கம் வீசும்.

மனைவி நோட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்தாள். எந்த ஊராக இருந்தாலும் தனக்குச் சம்மதம், ஆனால் தான் யார் என்பதை மறைத்துக்கொண்டு ஒரு வீட்டில் குடியிருக்க முடியாது என்று மட்டும் சொன்னாள். நாங்கள் வேறு வேறு சாதி. பதிவு அலுவலகத்தில் மணம் செய்துகொண்டவர்கள். சென்னையில் ஆரம்ப வருடங்களில் நான்கு வாடகை வீடுகள். அதில் ஒன்றை மூன்றே மாதத்தில் காலி செய்தோம், யார் என்று தெரிந்துவிட்டதால். சொந்த வீடு வாங்கிய பிறகு இருபத்திரண்டு வருடமாக யாரும் எங்களைக் கேட்டதில்லை. அவள் சொன்னதை நான் நோட்டில் எழுதவில்லை. அது ஊரைப் பற்றிய கேள்வியாக எனக்குப் படவில்லை.

முதல் வாரம் நன்றாகவே போயிற்று. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. மதியத்துக்கு மேல் மலையிலிருந்து சாரல் இறங்கியது. நான்காம் நாள் அவள் இன்ஹேலரைத் தொடவில்லை. ஐந்தாம் நாளும் தொடவில்லை. இரண்டையும் தேதியோடு குறித்தேன். ஆறாம் நாள் பேருந்தில் மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை போனோம். முதல் போக நெல்லுக்கு ஆற்றில் தண்ணீர் திறந்திருந்தார்கள். கரையோரமாக முக்கால் மணி நேரம் நடந்தாள், எங்கேயும் உட்காரவில்லை. திரும்பும்போது, புத்தகங்களை லாரியில் அனுப்பினால் நனையாமல் வருமா என்று கேட்டாள். சென்னையில் இருந்து கிளம்பியதில் இருந்து அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது.

அதற்குப் பிறகுதான் நிரந்தரமாக ஒரு வீடு தேடத் தொடங்கினோம்.

எட்டாம் நாள் பார்த்த வீடு வாய்க்காலுக்கு அருகே, தோப்பை ஒட்டி இருந்தது. மூன்று அறை, மூன்று பக்கமும் ஜன்னல், கிணற்றுத் தண்ணீர். வீட்டுக்காரர் ஏலக்காய் வியாபாரி, அறுபத்தைந்து வயதிருக்கும். அதே வளாகத்தில் முன்வீட்டில் குடியிருந்தார். எங்களை ஹாலில் உட்கார வைத்தார். அவருடைய மனைவி என் மனைவியைச் சமையலறை பார்க்க அழைத்துப் போனார்.

எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "அங்கன யாரு வீடு?" என்றார். அப்பா வீட்டை ஊரில் எப்படிச் சொல்வார்களோ அந்தப் பட்டப்பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த வீட்டில் பெண் எடுத்த ஒருவரை அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு பேச்சு மழைக்கும் ஏலக்காய்க்கும் போனது. மொத்தமே இரண்டு நிமிடம். "வீட்டுக்காரர்: தொந்தரவு இல்லாதவர்" என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

இடையில் சமையலறையில் இருந்து அந்த அம்மாளின் குரல் கேட்டது. "கொலசாமி எங்கன கும்புடுறீக?" என் மனைவியின் பதிலுக்கு இடமில்லாமல், இங்கே ஹாலில் இருந்து வீட்டுக்காரர் சத்தமாகச் சொன்னார்: "நம்ம ஆளுகதாந்த்தா."

"அப்ப மதினின்னு சொல்லுங்க" என்றார் அந்த அம்மாள். நாங்கள் கிளம்பும்வரை அவர் என் மனைவியை மதினி என்று முறை வைத்தே அழைத்தார். கையில் ஒரு பொட்டலம் ஏலக்காயும் கொடுத்தனுப்பினார்.

வாய்க்கால் கரையில் கொஞ்ச தூரம் வந்ததும் அவள் நின்றாள். மூச்சுக்காக நிற்கிறாள் என்று நினைத்தேன்.

"அந்த அம்மா என்னைத்தான் கேட்டாங்க. பதில் ஹால்லேர்ந்து வந்துது. நீங்க என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

ஊர்ப் பெயரைத்தான் சொன்னேன் என்றேன்.

"அவர் நம்ம ஆளுகன்னாரே, அப்ப?"

அப்போது சிரித்தேன் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. வேறொன்றும் செய்யவில்லை.

இந்தப் பகுதியில் ஊரும் வீட்டுப் பெயரும் சொன்னால் சாதி சொன்னதாகிவிடும். குலசாமியைக் கேட்பதும் அதற்குத்தான். வாயால் சாதியைக் கேட்பது மரியாதையில்லை என்று சாமியை வைத்துக் கேட்பார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. எட்டு நாளில் டீக்கடையில், மருந்துக்கடையில், நூலகத்தில் என்று எத்தனையோ பேர் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் சொன்னேன். எல்லோரும் உடனே இயல்பாகப் பேசினார்கள். மனிதர்கள் கலகலப்பானவர்கள் என்று பதினேழாம் கேள்விக்கு எதிரே எழுதி வைத்திருந்தேன்.

பத்தாம் நாள் நான் மட்டும் அந்த வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன், அவளுடைய சாதியின் பெயரோடு. வீட்டுக்காரர் தோப்பைப் பார்த்தார். முகத்தில் கோபமோ வெறுப்போ இல்லை. இதை நான் நன்றாகப் பார்த்தேன்.

"அவுக சொன்னாத்தான தம்பி தெரியும்? நீங்க இருக்கீக, அது போதும். யாரும் கேட்டா நம்ம ஆளுகன்னு நானே சொல்லிக்கிறேன். நீங்க வந்து இருங்க."

அவர் உபகாரமாகத்தான் சொன்னார். அவருடைய தெருவில் அவ்வளவு சொல்வதற்கே அவர் துணிய வேண்டியிருந்திருக்கும். அந்த அம்மாள் காபி கொண்டுவந்து வைத்தார். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். "டீச்சர் வரலயா?" என்று கேட்டார். திங்கட்கிழமை மதினி. புதன்கிழமை டீச்சர்.

நடந்தே திரும்பினேன். மூன்று பக்கமும் ஜன்னல் உள்ள வீடு. ஒரு வாரமாக அவளுக்கு இரைப்பு இல்லை. யாரும் அவளை வாய்விட்டுக் கேட்கப் போவதில்லை, கேட்டாலும் பதிலை வேறொருவர் சொல்லிக்கொள்வார். இப்படியெல்லாம் நினைத்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. சலிப்பாகவும் இருந்தது. ஐம்பத்தாறு வயதில் வீடு தேடுகிறவனுக்கு, கிடைத்த வீட்டை விடுவதற்குக் கால் எழுவதில்லை.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். அது ஒன்று எனக்குப் பழக்கம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள், இரண்டாம் முறையாக.

"கேட்டுச் சொல்றேன்னேன்."

கையில் இருந்த சேலையை மடித்து முடித்தாள். அடுத்த வீட்டில் தானே பேசுவதாகவும், நான் கூட வரலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது என்றும் சொன்னாள். குரலில் சண்டை இல்லை. அந்த வாரம் நாங்கள் இருவருமே சண்டை போடும் நிலையில் இல்லை.

பன்னிரண்டாம் நாள் உத்தமபாளையத்தில் ஒரு வீடு. மெயின் ரோட்டிலேயே, இரும்பு கேட் போட்ட தரைத்தள வீடு. கேட்டில் அட்டை தொங்கியது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற அரசு எழுத்தர், மகன்கள் வெளியூரில். லாரிச் சத்தம் அதிகம், ஜன்னல்கள் சிறியவை. ஆனால் அடுத்த தெருவிலேயே மருத்துவர் இருந்தார். அவள் அறை அறையாகப் பார்த்துவிட்டு, இது போதும் என்பது போல என்னைப் பார்த்தாள்.

அவர் எந்த ஊர் என்று என்னைக் கேட்டார். நான் அவளைப் பார்த்தேன். அவள் தன் ஊரைச் சொன்னாள், திண்டிவனத்துக்குப் பக்கம். அந்தப் பெயரில் இருந்து அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"அம்புட்டுத் தூரமா? கொலசாமி எங்கன இருக்கு?"

"அதுவும் அங்கதான். நீங்க கேக்கறது சாதின்னா, அதையும் சொல்லிடறேன் சார்." சொன்னாள். வகுப்பில் வருகைப் பதிவு வாசிக்கும் குரலில் சொன்னாள். என் சாதியையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

அவர் நாற்காலியில் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்தார். பிறகு பதறாமல் சிரித்தார்.

"அதுக்கென்ன தாயி. காலம் எங்கிட்டோ போயிருச்சு. வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு நாளைக்கே போன் பண்றேன்."

நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் அவளுடைய எண்ணை எழுதிக்கொண்டார். சரியாக எழுதினாரா என்று ஒருமுறை வாசித்தும் காட்டினார். கேட் வரை வந்து, வெயிலில் பார்த்துப் போகச் சொன்னார்.

மறுநாள் அவள் தொலைபேசியை மேசையில், கண்ணில் படும்படி வைத்திருந்தாள். பகலில் இரண்டு முறை அடித்தது. ஒன்று பழைய பள்ளியில் இருந்து, இன்னொன்று தவறான அழைப்பு. அதற்கடுத்த நாளும் அது மேசையில் அப்படியே இருந்தது. நான் கூப்பிட்டுக் கேட்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.

அன்று மாலை நோட்டை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தோரு கேள்விகளில் இருபத்தெட்டுக்குப் பதில் இருந்தது. பெரும்பாலும் நல்ல பதில்கள்.

பதினைந்தாம் நாள் காலை ஐந்து இருபதுக்கு ஜீப் வந்தது. பெண்கள் ஏறினார்கள். அவளும் ஜன்னலோரம் வந்து நின்று பார்த்தாள். ஒன்பது நாற்பது பேருந்தில் மதுரைக்குக் கிளம்பினோம். அவளுக்கு ஜன்னல் பக்கத்து இருக்கை கிடைத்தது. பையில் மேலாகவே இன்ஹேலரை எடுத்து வைத்திருந்தாள்.

பேருந்து உத்தமபாளையத்தைக் கடந்தபோது அந்த இரும்பு கேட்டில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வீடு வாடகைக்கு விடப்படும்.