கராஜ் கதவடி

குளிர் வருமுன் வீட்டை ஆயத்தப்படுத்துவது றீற்றாவின் புருசன் அருள்நாயகத்தின் வேலை. வெளிக்குழாய்க்குப் போகும் தண்ணீரை நிலக்கீழறையில் பூட்டுவார். யன்னல்களுக்குப் பிளாஸ்ரிக் தாள் ஒட்டி, தலைமயிர் காயவைக்கும் மெசினால் சூடு காட்டிச் சுருக்கம் எடுப்பார். காருக்குப் பனி ரயர் மாற்றுவார். இந்தக் குளிர்தேசத்துக்கு வந்து, ரூஜ் என்ற இடத்தில் வீடு வாங்கிய வருசத்திலிருந்து இப்படித்தான். றீற்றா கதிரையைப் பிடிப்பாள், கத்தரிக்கோலை நீட்டுவாள். பேச்சு மிகக் குறைவு. ஆனால் அவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

இந்த முறை அந்தக் கண் குசினியிலிருந்து கராஜுக்குப் போகும் கதவை விட்டு விலகவில்லை.

தொண்ணூற்றி நாலு ஜனவரியில், அந்தக் கதவுக்கு அங்காலதான் அவள் தம்பி நீக்கிலாஸ் செத்துப்போனான். மன்னாரிலிருந்து வந்த அவனுக்கு அது முதற் குளிர்காலம். பேக்கரியில் விடியற்காலை வேலை. கராஜின் பெரிய கதவைத் திறக்காமலே காரை ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறட்டுமென்று உள்ளே இருந்திருக்கிறான். அந்தப் புகை ஆளைக் கொல்லுமென்று அவனுக்குச் சொல்லிவைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஊரில் கார் நிற்பது மரநிழலில்.

அதோடு முடிந்திருந்தால் அழுது ஆறியிருப்பாள். குசினிக் கதவின் கீழே, கராஜ் பக்கமாக, பழைய சாரம் ஒன்றை உருட்டி இறுக்கி அடைத்திருந்தான். செத்தவீட்டுக்கு வந்த சனம் அதைப் பிடித்துக்கொண்டது. தெரியாமல் நடந்ததென்றால் துணி ஏன் அடைப்பான்? அந்தக் கேள்வி றீற்றாவை விடவில்லை. கதவடியில் காற்று ஊரும்போது, மறுபக்கத்தில் ஆரோ மூச்சு விடுவதுபோலக் கேட்கும். நிலக்கீழறையில் அவன் படுத்த அறையின் யன்னலிலும் பிளாஸ்ரிக் தாள் உப்பி உப்பி வற்றும், நித்திரையில் கிடப்பவனின் நெஞ்சு மாதிரி. உடுப்புத் தோய்க்கக் கீழே போனால் அந்தப் பக்கம் திரும்பமாட்டாள்.

இப்போது அதே வருசம் நவம்பர், ஆத்துமாக்களின் மாதம். செத்தவர்களின் பெயரைக் கொடுத்தால் கோயிலில் பூசைக்குள் வாசிப்பார்கள். நீக்கிலாஸின் பெயரை அவள் இன்னும் கொடுக்கவில்லை. அவன் வேண்டுமென்றே போயிருந்தால்? அந்தச் சனத்துக்கு நடுவில் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு நிற்க அவளால் ஏலாது.

சனிக்கிழமை மத்தியானம் அருள்நாயகம் அந்தக் கதவுக்கு வந்தார்.

"இதையும் அடைக்கோணும். கால் விறைக்குது."

"அது கிடக்கட்டும்."

"கிடந்தால் ரோட்டுக்கும் சேர்த்தெல்லோ நாங்கள் ஹீற்றிங் போடுறம்."

பழைய துவாய் ஒன்றை உருட்டி, குசினிப் பக்கமாக வைத்தார். கதவைத் திறந்து பார்த்தார். அது குசினிக்குள் திறக்கும் கதவு. துவாயையும் வழித்துக்கொண்டு வந்தது. திரும்ப வைத்தார். திரும்பவும் வந்தது.

"சனியன். இது உள்ளுக்கை நிண்டு செய்யிற வேலையில்லை. கராஜால போற ஆள்தான் கதவைச் சாத்திப்போட்டு, அங்கால நிண்டு அடைக்கோணும்."

"ஆருக்காக?"

"என்ன ஆருக்காக?"

"அங்கால நிண்டு அடைக்கிறவன் ஆருக்காக அடைக்கிறான்?"

"உள்ளுக்கை படுத்திருக்கிறவைக்குக் குளிராமல்தான். போறவனுக்கு என்ன, அவன்..."

அருள்நாயகம் கதவடியைப் பார்த்தார். துவாய் கையில் தொங்கியது.

றீற்றா அதை வாங்கிக்கொண்டு கராஜுக்குள் இறங்கினாள். அந்தச் சாவுக்குப் பிறகு அவள் கால் வைக்காத இடம். கதவைச் சாத்தி, குந்தியிருந்து, விரல்களால் துவாயைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினாள். உள்ளே புருசன் இருமுவது கேட்டது. தள்ளத் தள்ள அந்தச் சத்தம் மெலிந்தது. முதுகுக்குப் பின்னால் ஆரோ பார்த்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. அவள் திரும்பவில்லை. அடைத்து முடித்து, பெரிய கதவைத் தூக்கித் திறந்து, வீட்டைச் சுற்றி முன்வாசலால் வந்தாள்.

"இஞ்சாருங்கோ, நாளைக்கு நீக்கிலாஸின்ர பேரைக் குடுப்பம்."

"சனம் கதைக்கும், றீற்றா."

"கதைக்கட்டும். அவன் எங்களுக்குக் குளிராமல் கதவடைச்சவன். பேரைச் சத்தமா வாசிக்கச் சொல்லுங்கோ."

அவர் தலையாட்டினார். "அப்ப காரை இந்த முறை உள்ளுக்கை விடுவமோ? வெளியில நிண்டால் பற்றறி செத்துப்போம்," என்றார்.

"வேண்டாம். அது வெளியிலேயே நிக்கட்டும்."

அருள்நாயகம் பனி வழிக்கும் தடியை எடுத்துக்கொண்டு காரடிக்குப் போனார்.