பதிமூன்றாம் நாள் காலை

நெஞ்சு வலிக்கிறது என்று அன்று காலை நான் என் மகளிடம் சொன்னது பொய். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதலாம் என்று வைத்தால் எழுதாமலே விட்டுவிடுவேன்.

நான் ஊட்டியை ஒட்டிய காந்தலில் பள்ளி ஆசிரியை. அவள் அப்பா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மகள் நர்சிங் முடித்துவிட்டு, படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஒரு குழுவில் வேலை செய்கிறாள். புண்ணுக்கு மருந்து போடுவது, வலிக்கு மாத்திரை கொடுப்பது, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. நோயாளி இறந்துவிட்டால் அவருடைய ஃபைலை மூடிவிட வேண்டும். அவளுக்கு அது மட்டும் வராது.

அப்படி அவள் பார்த்துக்கொண்ட ஒருவர் போன கார்த்திகையில் இறந்தார். மஞ்சூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். இலங்கையிலிருந்து குழந்தையாகக் கப்பலில் வந்தவர், முப்பது வருடம் அந்தத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தவர். நுரையீரல் போய்விட்டது. மனைவி அங்கேயே கொழுந்து பறிக்கிறார், ஆனால் தற்காலிகம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் இருந்த இரண்டு அறைகளும் கணவரின் வேலைக்காகக் கொடுத்தவை. ஆள் போனால் வீட்டையும் விட வேண்டும். அந்த அம்மாவுக்குப் பிளஸ் டூ படிக்கும் ஒரே மகள்.

சாவியைக் கேட்டு மூன்றாம் நாளே தோட்ட ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. வீட்டைத் தங்களுக்கே விடச் சொல்லித் தாயும் மகளும் லேபர் ஆபீசரிடம் மனு கொடுத்திருந்தார்கள். பதினேழாம் நாள் விசாரணை. அதுவரை வீட்டுக்குள் இருந்தால் பேச வாய் இருக்கும். வெளியே வந்துவிட்டால், காலி செய்துவிட்டார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

இறந்தவரைக் கிடத்திய இடத்தில் விளக்கேற்றிப் பதினாறாம் நாள் காரியம் வரை அணையாமல் பார்ப்பது அவர்கள் வழக்கம். அந்த விளக்கின் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே புகுந்து சாமானைத் தூக்க அங்கே யாருக்கும் கை வராது. ஆபீஸ் ஆட்களும் அதே லயங்களில் பிறந்தவர்கள்தானே. ஆனால் தற்காலிகத் தொழிலாளி பதினாறு நாள் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. நாளைக்குக் கொழுந்து பறிக்க மலைக்கு வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று ஐந்தாம் நாள் சொல்லிவிட்டார்கள். பெண்ணுக்கு அரையாண்டுத் தேர்வு.

என் மகள் லீவு போட்டாள். காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் போய் மாலையில் அந்த அம்மா திரும்பும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள்.

"நாம கிறிஸ்தவங்க. அந்த விளக்குக்கு எண்ணெய் ஊத்த நீ எதுக்குக் கண்ணு போகோணும்?"

"அவங்க கேட்டாங்கம்மா. யார் ஊத்துனா என்ன, அணையாம இருந்தாப் போதும்னாங்க."

"அதெல்லாம் தொழிற்சங்கத்துக்காரங்க பாத்துக்குவாங்க."

"சங்கத்துக்காரரு மனு எழுதிக் குடுத்தாரு. எண்ணெய் ஊத்த வரமாட்டாரு."

ஞாயிறு பூசை முடிந்து ஒருமுறை நானும் போனேன். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சுவரெல்லாம் ஈரம். தரையில் பித்தளை விளக்கு, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், போட்டோ. என் மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். பார்ப்பதற்கு அவள் ஒன்றுமே செய்யவில்லை. திரி கரிந்தால் தூண்டினாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்து, இறந்தவர் இருமியே தன் தூக்கத்தைக் கெடுத்ததையும், இப்போது அந்த இருமல் கேட்காமல் தூக்கம் வராததையும் சொன்னாள். என் மகள் கேட்டுக்கொண்டாள்.

அந்த அம்மா எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஒங்க பிள்ள மாலைய உருட்டிக்கிட்டே எங்க வெளக்கப் பாக்குது, டீச்சரம்மா. இவரு மேல போனா ரெண்டு சாமியும் 'இது ஒன் ஆளு, ஒன் ஆளு'ன்னு தள்ளிவிடப் போகுது."

"ரெண்டு பேரும் வேணாம்னா திரும்பி வந்துருவாரு," என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். "வந்தாலும் வீடு இருக்கணும் தானே."

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி, என் மகளை யாராவது ஏதாவது செய்துவிட்டால் என்ற ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. அந்தத் தோட்ட ஆபீஸில் எழுத்தராக இருப்பவர். அவர் மகன் என்னிடம் படித்தவன்.

"ஏனுங்க டீச்சர், சௌக்கியங்களா? உங்க பாப்பா விசயமாத்தான். மேனேஜர் கேக்கறாருங்க, அது யாரு, எந்தச் சங்கம்னு. சங்கம்னா கூப்பிட்டுப் பேசி முடிச்சுக்கலாமுங்க. இது எதுலயும் சேராம விளக்குகிட்ட உக்காந்திருக்குது. என்ன பண்றதுன்னே தெரியலீங்க. அத்துமீறி நுழைஞ்சதா கேஸ் குடுக்கச் சொல்றாரு. நாளைக்கு ஒரே ஒரு நாள் வர வேண்டாம்னு சொல்லிடுங்க. மத்ததை நான் பாத்துக்கறனுங்க."

ஏன் ஒரு நாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார், பிறகு எனக்குத் தெரிந்ததாகிவிடும். அதனால் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவள் ஸ்வெட்டரை மாட்டும்போது நான் கட்டிலில் உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்து, "என்னமோ அடைக்கிற மாதிரி இருக்குது கண்ணு," என்றேன். சொன்னபோது குரல் நடுங்கியது. அது நடிப்பில்லை. அவள் உடனே ஸ்வெட்டரோடு என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துப் பார்த்தாள். அந்த அம்மாவுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டிலும் எடுக்கவில்லை. லயத்துப் பக்கம் சிக்னல் சரியாகக் கிடைக்காது. மெசேஜ் போட்டாள். "எண்ணெய் நிறைய ஊத்தியிருப்பாங்க. மத்தியானம் வரைக்கும் தாங்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஊட்டியில் ஆஸ்பத்திரி. வரிசை. ஈசிஜி. சளி பிடித்த டாக்டர் ஒருவர் காகிதத்தைப் பார்த்து, ஒன்றுமில்லை, வாயுவாக இருக்கும் என்றார். அப்போது என் மகளின் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நான் இன்றும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். திறந்தாலும் பார்க்கிறேன்.

அப்படியே மஞ்சூர் பஸ்ஸைப் பிடிக்கிறேன் என்றாள். நானும் ஏறினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி இருக்கும். லயத்து வாசலில் சாமான்கள் இருந்தன. யாரோ ஒழுங்காக அடுக்கி, மழை வந்தால் நனையாமலிருக்க நீலத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். கதவில் புதுப் பூட்டு. படியின் ஓரத்தில் விளக்கு, அதன் பக்கத்திலேயே சொம்பு, போட்டோ. விளக்கு அணைந்திருந்தது. எண்ணெய் பாதிக்கு மேல் இருந்தது.

என் மகள் அழவில்லை. தீப்பெட்டி கேட்டாள். எங்கள் இருவரிடமும் இல்லை.

நாலரைக்குக் கொழுந்துப் பையோடு பெண்கள் இறங்கி வந்தார்கள். அந்த அம்மா பூட்டைப் பார்த்தார், சாமான்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நெஞ்சு வலின்னு பிள்ள மெசேஜ் போட்டிருந்திச்சு. இப்ப எப்பிடி டீச்சரம்மா? ஏன் இந்தக் குளுருல வந்தீங்க?" என்றார்.

மீதி மூன்று நாளும் விளக்கு பக்கத்து வீட்டில் எரிந்தது. விசாரணையில் ஆபீஸ்காரர்கள், வீட்டை அவர்களே காலி செய்துவிட்டதாகச் சொன்னார்கள். சாமான் வெளியே இருக்கும் போட்டோவைக் காட்டினார்கள். பொங்கலுக்கு முன்பே தாயும் மகளும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெண் இங்கே பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதவில்லை.

இப்போது யோசித்தால் ஒன்று விளங்குகிறது. அந்த மேனேஜருக்கு மனுவைப் பார்த்துப் பயமில்லை, சங்கக் கொடியைப் பார்த்துப் பயமில்லை. செத்துப்போன ஒரு மருந்தடிக்கிறவனை இன்னும் ஆளாக நினைத்து ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுதான் அவருக்கு இடைஞ்சலாக இருந்தது. அவளை எழுப்பிவிட அவரால் முடியவில்லை. என்னால் முடிந்தது.

தவக்காலத்தில், பாவங்களைப் பங்குச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "மகளிடம் பொய் சொன்னேன்" என்று மட்டும் சொன்னேன். சாமியார் பரிகாரமாக மூன்று 'அருள்நிறை மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அன்று வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், போன் வந்தது உட்பட.

அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "அன்னிக்கு உன் கையைப் பிடிச்சப்பவே நாடி நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். "ஆனா ஒருவேளை நிஜமா இருந்துட்டா? அப்பாவுக்கும் காலைலதான வந்துச்சு. அதான் போகலை." தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "அந்த அம்மாகிட்ட நீதான் சொல்லோணும். நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.

பத்து நாள் போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். பதினோராம் நாள் பேசினேன். பின்னால் பனியன் கம்பெனி தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"வெளக்கு எப்ப அணைஞ்சது, டீச்சரம்மா?" என்று கேட்டார். "அவுங்க ஊதி அணைச்சாங்களா, தானா அணைஞ்சதா? ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"எனக்கு அதுதான் தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்."

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அந்தத் தோட்ட ஆபீஸுக்குப் போனேன். எழுத்தர் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்தார். நான் உட்காரவில்லை. கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஊதலீங்க டீச்சர். சாமி சத்தியமா ஊதலை. நானேதான் தூக்குனேன், மத்தவங்க தொட மாட்டேன்னுட்டாங்க. கையால மறைச்சுக் கொண்டாந்து படியில வெச்சனுங்க. காத்து. பத்தரை, பத்தே முக்கால் இருக்கும்."

"பக்கத்துல யாரும் இருந்தாங்களா?"

"நான் இருந்தனுங்க. மறுபடி பத்த வெக்கலாம்னு நெனச்சேன். வெக்கல."

ஆபீஸ் கேட்டுக்கு வெளியே நின்று திருப்பூருக்குப் போன் செய்தேன். பத்தே முக்கால் என்றேன். ஊதவில்லை, காற்று என்றேன். அந்த நேரத்தில் நான் ஊட்டியில், ஒன்றுமில்லாத நெஞ்சைக் காட்டிப் படுத்திருந்தேன் என்றும் சொன்னேன். மிஷின் சத்தம் நிற்கவில்லை.

"பத்தே முக்கால்," என்று அந்த அம்மா ஒருமுறை திருப்பிச் சொன்னார். "அப்ப நான் ஏழாம் நம்பர் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நின்னேன்." பிறகு போனை வைத்துவிட்டார்.