வான்மாறன் நிறுத்திய தறிகள்

போத்தனூர் ஜோவிதாவுக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. கருமத்தம்பட்டி பஸ்ஸில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள். சிறுவர் மாத இதழில் பன்னிரண்டு வருஷமாக அவள் படக்கதையாக வரைந்துவரும் சாகச வீரன் வான்மாறனுக்கு ஆயுசு முடியப் போகிறது. ஒரு காலத்தில் அவனைப் போலத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மாடிப்படியிலிருந்து குதித்துப் பல்லை உடைத்துக்கொண்ட வாண்டுகள் உண்டு. இப்போது அவனைச் சீந்துவார் இல்லை. இதழாசிரியர் சென்னகேசவன் நல்ல மனிதர்தான். ஆனாலும் சொல்லிவிட்டார்: அடுத்த கதை பிள்ளைகளுக்குப் பிடித்தால் பார்க்கலாம், இல்லையென்றால் வான்மாறன் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதனால்தான் அச்சுக்குப் போகும் முன்பே படங்களோடு தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் கருமத்தம்பட்டிப் பள்ளிக்குக் கிளம்பினாள். அவர்கள் ஊரையே கதையில் வைத்திருந்தாள். ஒரு கொடியவன் விசைத்தறிச் சத்தத்தைப் பெருக்கி ஊரைச் செவிடாக்கப் பார்க்கிறான். வான்மாறன் பறந்து வந்து ஒரே பார்வையில் அத்தனை தறிகளையும் நிறுத்திவிடுகிறான். ஊரே நிசப்தம். கடைசிப் படத்தைத் தூக்கிப் பிடித்துக் கைதட்டலுக்குக் காத்திருந்தாள், பாவம்.

ஒரு கைகூடத் தட்டவில்லை. முன்வரிசையில் இருந்த ஹர்ஷிணி என்ற சிறுமி எழுந்தாள்.

"தறி மறுபடி எப்பங்க மிஸ் ஓடும்?"

ஜோவிதா அதை யோசித்ததே இல்லை. கொடியவன்தான் ஒழிந்தானே என்று சமாளித்தாள்.

"தறி நின்னுபோச்சுன்னா எங்கப்பா ஊட்டுல யாருகிட்டயும் பேசமாட்டாருங்க. எனக்குத் தூக்கமே வராதுங்க."

மற்ற பிள்ளைகளும் தலையாட்டினார்கள். ஜோவிதாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. போத்தனூர் ஜங்ஷனின் ரயில் சத்தத்திலேயே வளர்ந்தவள் அவள். கொரோனாவில் ரயில்கள் நின்றபோது தூக்கம் வராமல் புரண்டவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

வீடு திரும்பியதும் கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுப் புதிதாக வரைந்தாள். நின்றுபோன தறிக்கு முன்னால் வான்மாறன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். ஒரு சிறுமியும் அவள் அப்பாவும் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருக்கிறார்கள்.

படத்தைப் பார்த்துவிட்டுச் சென்னகேசவன் போனில் கூப்பிட்டார். இவனை வைத்து இனி என்ன செய்வது என்று கேட்டார்.

"இதோட நிறுத்துனாலும் செரிங்க சார். ஆனா அவன் அந்தப் புள்ளகிட்ட மன்னிப்புக் கேட்டுப்போட்டுத்தான் போகோணும்."

மறுமுனையில் சென்னகேசவன் காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"கேட்டானா இல்லையான்னு நானும் பாக்கோணுமுங்க. அடுத்த மாசத்துக்கு வரைஞ்சு அனுப்புங்க."